இருபது என்று நிரப்பிய கட்டம்

முதலில் என்னை மன்னித்துக்கொள். கடிதம் எழுதுகிறவர்களை நீ கிண்டல் செய்வாய். அதிலும் நான் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்கச் சொன்னால் ஈரோடு போகும் பேருந்தின் பலகையை எழுத்துக் கூட்டிக் கூட்டி, பேருந்து கிளம்பிப் போன பிறகுதான் முடிப்பாய். கன்னடத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் இதைச் சரியாகச் சொல்ல எனக்கு என் அம்மா பேசுகிற மொழி வேண்டியிருந்தது. மெதுவாகப் படி. அவசரம் ஒன்றும் இல்லை.

இன்று காலை என் அறைக்குக் கீழே உள்ள சைக்கிள் கடையில் புது ட்யூப் கட்டுகளைப் பிரித்தார்கள். மைசூர் மண்டி மொஹல்லா சந்து உனக்குத் தெரியும். கீழே யாராவது மிளகாய் மூட்டையை அவிழ்த்தால் மாடியில் நான் தும்முவேன். ரப்பர் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். நாம் கடலில் இறங்கும்போது போட்டுக்கொண்ட கறுப்பு உடையின் வாசனை அது. ஈரம் காயாத உடைகள் வரிசையாகத் தொங்கும் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஒரு காலை நுழைத்துவிட்டு இன்னொன்றை நுழைக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ குதித்தாய். "இது பாம்புச் சட்டை கணே. உரிக்கத்தான் முடியும், போட முடியாது." 'டீ' போடுகிற இடத்திலெல்லாம் உனக்குக் கன்னடக் 'கணே'தான்.

என் மேஜையில் ஒரு தாள் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா கொடுத்தது. நாளை மறுபடி ஞாயிறு. நாளைக்குள் அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நீ கடலில் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போலீஸில் உன் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. தண்ணீருக்குள் உன் ஜோடியாக இறங்கியவள் நான் என்பதால் என் வாக்குமூலம் வேண்டுமாம். நம்மைக் கடலுக்கு அழைத்துப் போன நிறுவனமே அதைத் தட்டச்சு செய்து உன் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறது. என் பெயருக்குக் கீழே கோடு போட்டுக் காலி இடம் விட்டிருக்கிறார்கள்.

"நீ கூட இருந்தவ. உன் சைன் ஒண்ணு பாக்கி, அவ்வளவுதான்மா," என்றார் உன் அப்பா. "போட்டுட்டா ஃபைல் க்ளோஸ் ஆயிடும்."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் அங்கிள்."

"படி, படி. சரியாத்தான் எழுதியிருக்காங்க. இருபது ஸல உள்ள போனவன்னு கரெக்டா போட்டிருக்காங்க பாரு." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "இருபது ஸல போனவளுக்கே இப்படின்னா, ஹணெபரஹ. வேற என்ன சொல்றது?"

தடவை என்பதையும் தலையெழுத்து என்பதையும் அவர் கன்னடத்தில்தான் சொல்வார். ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவர், துக்கத்தைக்கூட அந்த மொழியில்தான் சொல்லிப் பழகியிருக்கிறார். உன் அம்மா காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.

தாளில் மூன்று வாக்கியங்கள். நீ இருபது முறை கடலுக்குள் இறங்கிய அனுபவம் உள்ளவள். நீரோட்டத்தின் ஆபத்து எல்லோருக்கும் முன்கூட்டியே விளக்கப்பட்டது. நீ வழிகாட்டியின் சைகையை மீறிக் குழுவை விட்டு விலகிப் போனாய்.

இரண்டாவதும் மூன்றாவதும் அவர்களுடைய பொய்கள். முதலாவது என்னுடையது.

அது எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும். உனக்குத் தெரியும். ஆனால் நாளை வேறு ஆட்களிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

கொள்ளேகால் பக்கம் எங்கள் ஊரான மார்டள்ளியில், எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். பட்டதாரி என்றால் அங்கே என்ன பொருள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தெருவில் உள்ள அத்தனை விண்ணப்பங்களையும் நிரப்புகிறவள். ரேஷன் அட்டை, சாதிச் சான்று, முதியோர் உதவி, யானை மிதித்த சோளக் காட்டுக்கு வனத்துறைக்கு மனு. பிறந்த தேதி என்ன என்று கேட்டால் "மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம்" என்பார்கள். நான் ஜூன் ஒன்று என்று எழுதுவேன். யானை எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் "வந்தப்ப மணி பாக்கற நெலமையிலயா இருந்தோம்" என்பார்கள். அதிகாரி ஒப்புக்கொள்ளும் ஒரு நேரத்தை எழுதுவேன். காலியாக விட்ட கட்டம் திரும்பி வரும். அவர்களுக்குப் பிடித்ததை எழுதினால் உள்ளே போகும். பதினாறு வயதிலிருந்து நான் கற்ற பாடம் அது. ஒரு கட்டம் உண்மையிலேயே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டித்தான் கேட்கிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

நாம் பழகியதும் ஒரு விண்ணப்பத்தால்தான். அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள், பதினெட்டுப் பக்கப் படிவத்தை நான் இருபது நிமிடத்தில் முடித்துக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்துவிட்டு உன் நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"ஏ, முடிச்சிட்டியா? நீ என்ன தாலுகா ஆபீஸா? எனக்கும் பண்ணிக் கொடு ப்ளீஸ்."

அன்றிலிருந்து உன் படிவங்களை எல்லாம் நான் எழுதினேன். பதிலுக்கு எனக்காக நீ பேசினாய். கூட்டங்களில் என் சந்தேகத்தை உன்னிடம் முணுமுணுப்பேன், நீ கையைத் தூக்கிக் கேட்பாய். கேன்டீனில் எனக்கு இன்னொரு சப்பாத்தி வேண்டும் என்று கேட்டதுகூட நீதான். "உன் வாய வாடகைக்கு விட்டுட்டியா?" என்று ஒருநாள் கேட்டாய். அதற்கும் நீயே சிரித்துக்கொண்டாய்.

ஸ்கூபா உன் யோசனை. "மைசூர்ல பொறந்தா சாகற வரைக்கும் அரமனையையே பாத்துட்டு இருக்கணுமா? தண்ணிக்கடியில என்ன இருக்குனு போய்ப் பாக்கலாம் கணே." அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கடலுக்குள்ள போயி என்னத்தப் பாக்கப் போற கண்ணு? மீனுன்னா சந்தையிலயே கெடக்குதே" என்றார்.

நான் கிணற்றில் நீந்தக் கற்றவள். நீ பள்ளி நீச்சல் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். நம் இருவருக்கும் தெரிந்த தண்ணீர், விட்ட இடத்தில் நிற்கிற தண்ணீர்தான். பயிற்சியும் மைசூரில் ஒரு நீச்சல் குளத்தில் தொடங்கியது. சாமுண்டி மலை தெரியும் அந்தக் குளத்தின் அடியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு வெளியேற்றப் பழகினோம். பிறகு மேற்குக் கரையில் ஒரு வளைகுடா. இரண்டு நாளில் நான்கு டைவ். கடல் அன்று பால் ஆறின மாதிரி இருந்தது. மறுநாள் காலை ஆசைக்கு இன்னொன்று. மொத்தம் ஐந்து.

தேர்ச்சி அட்டை கொடுத்தார்கள். என் பட்டத்துக்குப் பிறகு என் பெயர் அச்சான இரண்டாவது விஷயம் அது. பயிற்சி பெற்ற கடலைப் போன்ற கடலில்தான் இறங்கலாம் என்று பாடப் புத்தகத்தில் இருந்ததை நான் பென்சிலால் கோடிட்டு உன்னிடம் காட்டினேன்.

"லைசன்ஸ் குடுத்துட்டு ஹைவேல போகாதேன்னா எப்படி?" என்றாய்.

நான் கோடு போட்டதோடு சரி.

நான்கு மாதம் கழித்து அந்தத் தீவுக்குப் போனோம். பெயரை எழுதவில்லை, கடலின் மீது எனக்கு வழக்கு இல்லை. அங்கே ஒரு பாறைச் சரிவு பிரபலம். பெரிய மீன்கள் வரும் இடம். மீன்கள் வருவதே அங்கே நீரோட்டம் வலுவாக இருப்பதால்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அங்கே போக இருபது டைவ் ஆகியிருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் சுவரில் எழுதியிருந்தது. மேஜையில் படிவம். 'இதுவரை எத்தனை முறை?' என்று ஒரு கட்டம். வழக்கம்போல் இரண்டு படிவத்தையும் நான் இழுத்துக்கொண்டேன்.

"அஞ்சு கணே நமக்கு," என்றாய்.

"அஞ்சுன்னு எழுதினா கரையோரமா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் விட்டுடுவாங்க. இருபது கேக்கறாங்க."

"கேட்டா?"

"ஃபார்முக்கு வாயா இருக்கு?"

நீ சிரித்தாய். தாலுகா ஆபீஸ் சொன்னால் சரி என்று கீழே கையெழுத்துப் போட்டாய். ஒவ்வொரு டைவையும் எழுதி வைக்கும் நம் இரண்டு நோட்டுகளும் என் பையில்தான் இருந்தன. ஐந்து பக்கம் நிரம்பிய நோட்டுகள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவற்றைக் கேட்கவில்லை. படிவத்தை வாங்கி, பார்க்காமலே கிளிப் அட்டையில் சொருகினார்.

இதுவரை என் பங்கு. இனி அவர்களுடையது.

படகு போய் நின்றதும் நான் மிதவையைத்தான் பார்த்தேன். படகைக் கட்டும் அந்தச் சிவப்பு மிதவை சாய்ந்து பாதி முங்கிக் கிடந்தது. அதன் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நீண்ட தடம் விழுந்திருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பாலாற்றில் தண்ணீர் வரும் நாட்களில் பாலத் தூணுக்குப் பின்னால் அப்படித்தான் பிரியும். உற்றுப் பார்த்தால் தூண்தான் நீரைக் கிழித்துக்கொண்டு மேலேறி வருவதுபோல் தெரியும். சின்ன வயதில் அந்தத் தடம் தெரிந்தால் மாட்டைக்கூட இறக்க மாட்டார்கள்.

உன் காதில் சொன்னேன். நீ கையைத் தூக்கினாய். இந்தியில் கேட்டாய். "கரண்ட் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இருக்கே. பரவாயில்லையா?"

வழிகாட்டி மிதவையைப் பார்த்தார். அதை நான் பார்த்தேன். அவர் பார்த்தார் என்பதை நாளை நான் எழுதிக் கொடுக்கப் போகும் தாளில் தனி வரியாக எழுதியிருக்கிறேன். பிறகு கிளிப் அட்டையில் இருந்த படிவத்தைப் புரட்டினார்.

"இருபது போட்டிருக்கீங்களே மேடம். இருபது பண்ணவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. கயித்தப் பிடிச்சு இறங்குங்க, பாறையை ஒட்டியே வாங்க."

நீரோட்டத்தைப் பற்றி நமக்கு முன்கூட்டியே விளக்கப்பட்டது இவ்வளவுதான்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு 'அஞ்சு' என்ற ஒரே ஒரு சொல் போதும். நான் சொல்லியிருந்தால் அந்த ஆள் திட்டியிருப்பார், படகில் இருந்த மற்ற நான்கு பேர் முறைத்திருப்பார்கள், படகு நம்மைக் கரையோரம் இறக்கியிருக்கும். நான் என் கண்ணாடியின் பட்டையைச் சரி செய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

நீரோட்டத்தைப் புத்தகத்தில் அம்புக்குறியாகப் பார்த்திருந்தேன். உள்ளே போனால் அம்பு எதுவும் இல்லை. அது நம்மைத் தள்ளுவதுபோல்கூடத் தெரியாது. நாம் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொண்டு போகும். கயிற்றை விட்டுப் பாறைக்கு வந்தபோது மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, நின்றபடி நீந்திக்கொண்டிருந்தன. அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எதிர்நீச்சல் போட்டால்தான் அவையே அங்கே நிற்க முடிகிறது என்று அப்போது புரியவில்லை.

பாறை திரும்பும் முனையில் அது நம்மைப் பிடித்தது. வழிகாட்டி ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக் கையைத் தாழ்த்தி, கீழே வாருங்கள், இங்கே வாருங்கள் என்று காட்டினார். எனக்குக் கீழே ஒரு இடுக்கு அகப்பட்டது. விரலைச் சொருகிக்கொண்டேன். நீ என்னைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருந்தாய். அந்த உயரத்தில் ஓட்டம் இரண்டு மடங்கு. அடித்தரையை ஒட்டினால் குறையும் என்று நமக்கு யாரும் காட்டியதில்லை. ஐந்து முறை இறங்கியவர்களுக்கு அது கை வந்திருக்காது. இருபது முறை இறங்கியவர்கள் என்றால் கேட்காமலே படுத்திருப்பார்கள்.

நீ என்னை நோக்கி உதைத்தாய். நேராக, பலமாக, போட்டியில் உதைப்பதுபோல. குளத்தில் உதைத்தால் சுவர் வரும். அங்கே வரவில்லை. நீ அதே இடத்தில் இருந்தாய். உன் வாயிலிருந்து குமிழிகள் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. மூச்சு அப்படி வாங்கினால் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று எனக்கு இன்று தெரியும். எதிர்த்து உதைக்கக் கூடாது, குறுக்கே போக வேண்டும், முடியாவிட்டால் ஓட்டத்துக்கு விட்டுக்கொடுத்து, நிதானமாக மேலேறி, நீளமான அந்த ஆரஞ்சுப் பலூனை ஊதிப் பிடித்தால் படகு வந்து எடுத்துக்கொள்ளும் என்றும் தெரியும். அந்தப் பலூன் நம் இருவரிடமும் இல்லை. இருபது முறை இறங்கியவர்கள் சொந்தமாகக் கொண்டு வந்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்களாம்.

பிறகு நீ பின்னால் போனாய். முகம் என் பக்கமே இருந்தது, கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன. முனைக்கு அப்பால் வெறும் நீலம். வழிகாட்டி உன் பின்னால் போய், தனியாகத் திரும்பி வந்தார். அன்று பிற்பகல் மீன்பிடிப் படகுக்காரர்கள் உன்னைக் கண்டெடுத்தார்கள்.

குழுவை விட்டு விலகிப் போனாளாம். நீ விலகவே இல்லை. நீ எங்களிடம் வந்துகொண்டிருந்தாய். கண்ணுக்குத் தெரிந்த கடைசி நொடி வரை எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தாய். அந்த மூன்றாவது வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போடுவதைவிட என் கையை வெட்டிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு பேசியவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்? அலுவலகத்தில், ஊரில், உன் வீட்டு வாசலில் செருப்புக் கழற்றும்போதே. "தண்ணிகிட்ட விளையாடினா இப்படித்தான்." "பொட்டப் புள்ளைங்களுக்குக் கடல் எதுக்கு?" வருடா வருடம் கொள்ளேகால் பக்கம் காவிரியில் பையன்கள் போகிறார்கள். அப்போது சுழலைக் குறை சொல்கிறார்கள், மணல் அள்ளின குழியைக் குறை சொல்கிறார்கள். பெண் போனால் மட்டும் தண்ணீருக்கு ஒரு குற்றமும் இல்லை. என் சித்தப்பா ஒருநாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார்: "படிக்க வெச்சது தப்பாப் போச்சு."

"படிச்சது தப்பில்ல சித்தப்பா. படிச்சதுல கோடு போட்டு வெச்சுட்டு அதை மதிக்காம போனேன் பாருங்க, அது தப்பு," என்றேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் அவரிடம் எதிர்ச்சொல் பேசியது அதுவே முதல் முறை. அம்மா எழுந்து அவருக்கு மோர் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார்.

எட்டு மாதம் கழித்து மறுபடி கடலில் இறங்கினேன். உனக்காக என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எனக்கு அந்த அடி உலகம் பிடித்திருக்கிறது. என் தப்புக்காகவும் அவர்களுடைய தப்புக்காகவும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. முதல் மூன்று முறை வளைகுடாவில், படிகளில் இறங்குவதுபோல் மெதுவாக இறங்கினேன். நான்காம் முறை வேறொரு நிறுவனத்தின் படகில், ஒரு பாறைத் திட்டுக்கு. மிதவை சாய்ந்திருந்தது.

என் பக்கத்தில் முணுமுணுப்பதற்கு யாரும் இல்லை. கையைத் தூக்கினேன். கை என்னுடையதுபோல் இல்லை.

"அண்ணா, கரண்ட் ஜாஸ்தியா இருக்கு," என்றேன் கன்னடத்தில்.

"உங்களுக்கு எத்தனை டைவ் ஆச்சு?"

"ஒன்பது."

படகில் ஒருவர் சிரித்தார். "ஒன்பது வெச்சுக்கிட்டு கரண்ட்டப் பத்திப் பேசறீங்களா?" என்றார் வழிகாட்டி.

"ஒன்பதுதான் இருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

"பயமா மேடம்?"

"ஆமா, பயமா இருக்கு. நான் இங்க இறங்க மாட்டேன்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு எதிரில் உட்கார்ந்திருந்த பெங்களூரு ஜோடி ஒன்று, அட்டை வாங்கி மூன்று வாரம்தான் ஆனவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்களும் இறங்கல," என்றான் அந்தப் பையன். "எங்களுக்கு அஞ்சுதான் ஆயிருக்கு," என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்காமலே.

வழிகாட்டி எரிச்சலோடு படகைத் திட்டின் மறுபக்கம் திருப்பினார். அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. சேறும், ஒரு கிழட்டு நண்டும். மேலே வந்து என் நோட்டில் பத்து என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் நிரப்பிய கட்டங்களில் அதைப்போல் பெருமையாக எதையும் நிரப்பியதில்லை.

இந்த வாரம் முழுவதும் எழுதினேன். நான்கு பக்கம். மிதவை சாய்ந்திருந்தது, வழிகாட்டி அதைப் பார்த்தார், நீ கேட்டாய், இறங்கலாம் என்றார், பலூன் தரவில்லை, நோட்டைக் கேட்கவில்லை, நீ விலகிப் போகவில்லை. கூடவே, இரண்டு படிவத்திலும் இருபது என்று எழுதியது என் கை, உண்மையில் ஐந்து. அலுவலகத் தோழி ஒருத்தி படித்துவிட்டு, "கடைசி பாராவை எடுத்துடு, அதை வெச்சு உன்னையே மாட்டிவிட்டுடுவாங்க," என்றாள். மாட்டிவிடட்டும். நான் பொய் எழுதினேன் என்பதால் அவர்கள் கண் முன்னால் இருந்த ஓட்டம் இல்லாமல் போய்விடாது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதால் என் இருபது ஐந்தாகிவிடாது. இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும். நேற்று அட்டை வாங்கிய ஒருத்தி நாளை அந்தத் தீவில் அதே மேஜையில் அதே கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்காரப் போகிறாள். அந்தத் தாள் யார் கைக்குப் போனாலும் அவளுக்காகத்தான் போகிறது.

நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவர்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போலீஸுக்கு நேராகக் கொடுக்கலாம், ஆனால் முதலில் உன் வீட்டுக்குத்தான் போகிறேன். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் நோட்டையும் எடுத்துப் போகிறேன். ஒன்றரை வருடமாக அதை என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதைத் திறந்தால் எத்தனை பக்கம் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

இனி நான் கேட்க வேண்டியது.

உன் அப்பா அந்த இருபதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பூங்காவில் கூட நடக்கிறவர்களிடம், பால் போடுகிறவரிடம், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம், எல்லோரிடமும் சொல்கிறார். "இருபது ஸல கடலுக்குள்ள போனவ என் பொண்ணு." அப்படிச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்கிறது. இருபதில் பதினைந்து நடக்கவே இல்லை. அந்தப் பதினைந்திலும் நீ எந்தக் கடலில் இறங்கினாய், என்ன பார்த்தாய், எப்படிச் சிரித்துக்கொண்டே மேலே வந்தாய் என்று அவர் தனியாக உட்கார்ந்து நினைத்து நினைத்து வைத்திருப்பார். அவை இல்லை என்று நாளை நான் சொல்ல வேண்டும். சொன்னால் உனக்கு நடந்தது தலையெழுத்தாக இருக்காது. ஒரு பெண் அவசரமாக எழுதிய எண்ணாகிவிடும், அதன் கீழே உன் கையெழுத்தும் இருக்கும். அவர் என்னை வீட்டுக்கு வெளியே போகச் சொல்லலாம். அதற்குத் தயாராகத்தான் போகிறேன்.

ஆனால் அவர் உன் அப்பா. அந்தப் பதினைந்தை அவரிடமிருந்து எடுக்க எனக்கு அனுமதி கொடு. மீதி ஐந்தையும் ஒன்றுவிடாமல் நான் அவருக்குச் சொல்கிறேன்.